மலையகத்து ஈமநிலமும் அஸ்தி மாடமும்

இறந்தாரை இறுதியாக எவ்விடத்து ஒப்படைப்பது என்னும் வினாவிற்குத் தமிழர் ஒருபோதும் ஒரே விடை கூறினாரல்லர். மணிமேகலையிற் புறங்காட்டைப் பாடும் சாத்தனார், சுடுதல், வெறுநிலத்து இட்டுவிடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐவகை முறைகளை அடுத்தடுத்து வைக்கின்றார். ஆதிச்சநல்லூரிலும், ஈழத்திற் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பிலும் அகழ்ந்தெடுத்த தாழிகள் இறுதியிற் கூறிய முறைக்குச் சான்று. அத்தாழிகளிற் காணப்படுவன பெரும்பாலும் எலும்புகளே, சாம்பலன்று. ஆயினும், இறந்தாரின் எச்சத்தைக் கலத்திலிட்டு ஓரிடத்தே காத்தல் நமக்கு முற்றும் அந்நியம் என்று சொல்லத் துணிவோர் சிறிது பொறுத்தல் நன்று.

எரித்த சாம்பலைச் சிறு கலங்களில் இட்டு, சுவரில் அமைத்த மாடங்களில் வரிசையாக வைக்கும் கட்டடத்தை உரோமர் 'கொலம்பேரியம்' என்றனர். அச்சொல்லின் பொருள் புறாக்கூடு. நம்மவரும் மாடப்புறா என்றே வழங்குதலின், 'அஸ்தி மாடம்' என்னும் பெயர் அதற்கு இயல்பாகவே பொருந்துகின்றது. உரோம நகரின் அப்பியா பெருவழியருகே 1726இல் ஒரு பெரிய மாடம் வெளிப்பட்டது. அகஸ்தஸ் பேரரசனின் மனைவி லிவியாவின் அடிமைகளும் அவள் விடுதலை செய்தோரும் அதில் இடம்பெற்றிருந்தனர். தனக்கென ஒரு சாண் நிலமும் இல்லாத பணியாளன் தன் பெயரையும், சில வேளை தான் செய்த தொழிலையும் பலகையிற் பொறிக்கப் பெற்றான். இவ்வகையில் எளியோர் பலர் ஈமச் சங்கங்களிற் சேர்ந்து, சிறு தொகை செலுத்தி, தமக்கு ஒரு மாடத்தை உறுதி செய்துகொண்டனர். நம் தோட்டங்களில் இயங்கும் மரண சகாய சங்கங்களை அறிந்தார்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

இனி மலையகத்தை நோக்குவோம். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கி நடந்த காட்டுவழியிலேயே பெருந்தொகையினராய் மாண்டனர். அவர்தம் குழிகளைச் சுட்டிக்காட்டுவார் இன்று இலர். இருநூறாண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோர் அவ்வழியையே மிதித்தனர். மறுபுறம், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலைப் பயிரைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலர், 1892இல் இறந்து, கண்டி மகியாவை மயானத்தில் எழுத்துப் பொறித்த கல்லின்கீழ்த் துயில்கின்றார். புகைப்படக் கலையிற் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879இல் மறைந்தார். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் அவர் கல்லறையை இன்றும் காணலாம். துரைக்குக் கல், தொழிலாளிக்கு மண்மேடு. இரண்டு மாரி கழிந்தால் அம்மேடும் கரைந்துவிடும். தேயிலையின்கீழ் அடங்கிய இம்மக்களையே சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளிவந்த தம் ஆங்கிலக் கவிதை நூலின் பொருளாக்கினார். சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கினார்.

தோட்டத்து இந்துக்களிடையே புதைத்தலே நெடுங்காலம் பெருவழக்காய் இருந்தது. மழை ஓயாத மலைச்சரிவில் ஒரு சிதைக்கு வேண்டிய உலர்ந்த விறகைத் தேடுதலும், அதற்குப் பணம் கொடுத்தலும் நாட்கூலிக்காரனுக்கு எளிதன்று. புதைக்கும் நிலமோ அவனுடையதன்று. கம்பனிகளிடமிருந்த தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அரசுக்கு உரியவாயின; 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கைமாறிய பத்திரம் எதிலும் தொழிலாளியின் பெயர் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமும் 2018இல் திருத்தப்படும் வரை, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாகவே நின்றது. பாதைக்கும் விளக்குக்கும் நேர்ந்த கதியே மயானத்துக்கும் நேர்ந்தது.

எரித்தலை நாடுதல் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றது. பிரித்தானியாவில் 1885இல் வோக்கிங்கில் முதன்முதல் ஓர் உடல் தகனசாலையில் எரிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் இறப்போருள் முக்காற் பங்கினர்க்கு மேல் எரிக்கப்படுகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் எரித்தலை அனுமதித்து, 2016இல் சாம்பலைப் புனித இடத்திலேயே வைக்க வேண்டுமெனப் பணித்தது. சிங்கப்பூரில் 1998 முதல் புதைகுழிக்குப் பதினைந்தாண்டே தவணை. மண்டாய் போன்ற இடங்களில் அஸ்தி மாடங்கள் அடுக்கடுக்காய் எழுந்துள்ளன. நம்மிடத்தும் வழமையான மயானத்தை விட்டுப் பிறவிடத்து எரித்தல் நிகழாமலில்லை. ஆறுமுகன் தொண்டமானின் உடல் 2020 மே 31இல் நோர்வூட் விளையாட்டு மைதானத்திலேயே தீமூட்டப்பட்டது. தலைவர்க்கு மைதானம் திறக்கும். கொழுந்து பறித்தவளுக்கு அது திறவாது.

எனினும், எல்லாரும் எரிக்கட்டும் என்று நாம் கூறவில்லை. 2020இல் கொரோனாவால் இறந்தோரையெல்லாம் எரித்தே ஆகவேண்டும் என இந்நாட்டில் விதிக்கப்பட்டமை முஸ்லிம் மக்களுக்கு எத்துணைப் புண்ணாயிற்று என்பதை அறிவோம். அவ்விதி 2021 பெப்ரவரியிலேயே தளர்ந்தது. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது அதன்பின்னரே. வற்புறுத்தும் நெருப்பு ஈமக்கடன் ஆகாது.

நமது ஐயம் வேறொன்று. புதைத்தவர் குழியிழந்தனர், எரிப்பவர் சாம்பலையும் ஆற்றிற் கரைத்துவிடின், ஒரு குடும்பம் நான்கு தலைமுறை இம்மலையில் வாழ்ந்தது என்பதற்கு மண்ணில் யாது எஞ்சும்? காணியுறுதியில்லாத மக்களுக்கு மூதாதையின் பெயர் பொறித்த கல்லும் ஓர் உறுதியே. ஆகவே, தோட்டக் கோயிலை விட்டுச் சற்று விலகி, மயான எல்லையிலேயே ஒரு கற்சுவர் எழுப்பி மாடங்கள் அமைத்தல் தகும் என்போம். ஒரு பேர்ச் நிலமே நூற்றுக்கணக்கான பெயர்களுக்குப் போதும்.

சாம்பலைத் தீர்த்தத்திற் கரைத்தலே விதி என்னும் சைவப் பெரியோர்க்கு நம் விடை இது: கரைக்க வேண்டியதைக் கரைக்க; ஒரு பிடியையேனும் மாடத்திலிடுக. அதுவும் மனம் ஒவ்வாதாயின், மாடம் வெறுமையாகவே இருக்கட்டும். அதன் முகப்பில் பெயர், தந்தை பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு ஆகியவை மட்டும் எழுதப்படுக. புதைக்கப்பட்டோர் பெயரையும் அதே சுவரில் எழுதலாம். செலவைச் சங்கங்கள் ஏற்கலாம். கல்லைக் கொத்தனார் கட்டுவர். சுவர் நிற்கும் நிலத்தை மட்டும் கம்பனியின் குத்தகையினின்று பிரித்து, பிரதேச சபையின் பெயரில் எழுதுவித்தல் வேண்டும். அம்மனுவை எழுதத் தோட்டத்தில் ஆளில்லை என்று இனிச் சொல்லுதற்கில்லை. இம்மலரைப் படிப்போருள் எத்தனையோ பேர் அந்த லயங்களிலிருந்து படிக்க வந்தவர்களே.