கட்டம் போட்ட துணியில் ஒரு மரபுப் பாடம்

குப்பனூர் மலைப்பாதையில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் குடும்பங்களும், சேலத்தைச் சுற்றியுள்ள தறிக்காரக் குடும்பங்களும் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எங்கள் இருவருக்கும் ஒரு நோயும் இல்லை, பிள்ளைக்கு மட்டும் இந்த இரத்த நோய் எங்கிருந்து வந்தது?” இக்கேள்விக்குப் பின்னால் சில வீடுகளில் ஒரு பழி மறைந்திருக்கிறது. பெரும்பாலும் அது தாயின் மீதே விழுகிறது. அரிவாள் செல் இரத்தசோகை, தலசீமியா ஆகிய நோய்களில் அப்பழிக்கு இடமில்லை என்பதை, தோளில் கிடக்கும் கட்டம் போட்ட பருத்தித் துண்டைக் கொண்டே விளக்கலாம்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்வது ஊடை. பாவில் ஒரு பட்டை வெள்ளை, ஒரு பட்டை சிவப்பு என நூல் பூட்டி, ஊடையையும் அவ்வாறே செலுத்தினால் நான்கு கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். வெள்ளையும் வெள்ளையும் சந்திக்கும் கட்டம் தூய வெள்ளை. சிவப்பும் சிவப்பும் சந்திப்பது அடர்சிவப்பு. மற்ற இரண்டிலும் இரு நிறங்களும் கலந்து வெளிர்சிவப்பாகத் தெரியும்.

மரபுரிமையும் இவ்வாறே அமைகிறது. இரத்தச் சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலிக்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. பாவைத் தந்தையின் இரு படிகளாகவும், ஊடையைத் தாயின் இரு படிகளாகவும் கொள்வோம். வெள்ளை நூல் இயல்பான படி. சிவப்பு நூல் மாறுபட்ட படி. இருவரிடமும் வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் இருந்தால், பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரைப் போல ஒரு சிவப்பு நூலை மட்டும் சுமக்க நான்கில் இரண்டு வாய்ப்பு. சிவப்பு நூலே இல்லாதிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிஞர் ரெஜினால்ட் பன்னட் வகுத்த இக்கணக்குமுறை இன்றும் ‘பன்னட் கட்டம்’ என்றே வழங்குகிறது.

இக்கட்டத்திலிருந்து மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, அடர்சிவப்புக் கட்டம் அமையப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். தாய் மட்டும் தந்து இந்நோய் வருவதில்லை; தந்தை மட்டும் தந்தும் வருவதில்லை. ஒருவரிடம் மட்டுமே சிவப்பு நூல் இருப்பின், பிள்ளை அதைச் சுமக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஆயினும் அடர்சிவப்புக் கட்டம் அமையாது.

இரண்டாவது, ‘நான்கில் ஒன்று’ என்பது நான்கு பிள்ளைகளில் ஒருவர் என்று பொருள்படாது. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது, அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் எனச் சொந்தத்திற்குள் மணம் முடிக்கையில், இருவரின் சிவப்பு நூலும் ஒரே நூற்கண்டிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அந்தச் சிவப்பு நூலில் மாறியிருப்பது மிகச் சிறிது. பீட்டாச் சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது. அரிவாள் செல் நோயில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமர்கிறது. ஜக்கார்டு தறியின் அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் சேலையின் பூ மாறுவதைப் போல, இவ்வொரு மாற்றத்தால் சிவப்பணு அரிவாள் வடிவாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது.

ஹீமோகுளோபினே ஒரு காலத்தில் துணியின் பூவேலையாக அமைந்ததுண்டு. 1951-இல் இலண்டனில் நடைபெற்ற பிரிட்டன் விழாவுக்காக, படிகவியல் அறிஞர் ஹெலன் மெகாவின் முயற்சியால், ஹீமோகுளோபின், இன்சுலின் முதலியவற்றின் ஊடுகதிர்ப் படங்கள் துணிகளிலும் சுவர்த்தாள்களிலும் கோலங்களாயின. அடுத்த ஆண்டே, 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் அறிவித்தனர். அதன்பின் இந்தியாவின் பல பகுதிகளில், பல சமூகங்களில் இது அறியப்பட்டுள்ளது. எந்த ஒரு மக்களுக்கும் உரிய குறையாக இதைக் கருதலாகாது.

துணி உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிர்சிவப்புக் கட்டம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சிவப்பு நூலை மட்டும் சுமப்பவரோ பெரும்பாலும் முழு நலத்துடனே வாழ்வார். பார்த்து அறிய முடியாது. இரத்தப் பரிசோதனையால்தான் அறிய முடியும். ஆதலால் குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், உடன்பிறந்தோரும் மணவயதினரும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்துகொள்ளுதல் நன்று. மணத்திற்கு முன் செய்வது சிறப்பு; இயலாதபோது கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே செய்துகொள்ள வேண்டும். சுமப்பவர் என்று அறிவதால் மணம் தடைபட வேண்டியதில்லை. துணைவரின் முடிவையும் அறிந்து, மருத்துவரிடம் கலந்து பேசினால் போதும்.

அரிவாள் செல் நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிப்போர் நாள் முழுதும் போதிய நீர் அருந்தச் செய்க. மலைக்குளிர் வலியைத் தூண்டக்கூடும். ஏற்காட்டில் வசிப்போர் மாலையிலும் விடியற்காலையிலும் பிள்ளையைக் கம்பளியால் போர்த்துக. காய்ச்சல், மூச்சுத் திணறல், கை கால் வலுவிழத்தல், திடீரென வெளிறுதல் ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்கு அழைத்து வருக. தடுப்பூசிகளைத் தவறவிடாதீர், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்.

அடுத்த முறை வருகையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வருமாறு கேட்டுக்கொள்கிறோம். இருவரின் பரிசோதனை முடிவுகளையும் ஒரே தாளில் கட்டம் வரைந்து விளக்குவோம். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வரலாம்.