சிற்றூரும் மகப்பேறும்

மகப்பேறு தாய்க்கு மறுபிறப்பு என்பர் நம் முன்னோர். ஆதலின், பட்டணத்திற்குச் சேய்மையில் வாழ்வோர் நோவு கண்டபின் வழி தேடுதல் தகாது. சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நம் நாட்டு அரசு வகுத்த அளவு. கருவுற்றமை அறிந்தவுடன் ஆங்குள்ள செவிலியரிடம் பெயரைப் பதிதல் முதற்கடன்.

முதிர்ந்த மருத்துவச்சியின் கைத்திறனைப் பழித்தல் நம் நோக்கமன்று. எனினும், பேற்றின்பின் குருதி பெருகின் சில மணிப்பொழுதில் தாயுயிர் நீங்கும். அதனைத் தடுக்க மருந்தும் வேண்டும். இயல்பான பேற்றிற்கு ஆரம்பச் சுகாதார நிலையம் சாலும். இரட்டைக்கரு, மிகுந்த இரத்த அழுத்தம், கடுஞ்சோகை உடையார்க்கு அறுவைக்கூடமும் குருதிச்சேமிப்பும் உள்ள மருத்துவமனையே தக்கது. அரசு மருத்துவமனைகளில் அறுவைப்பேறும் கட்டணமின்றி நிகழ 2011-இல் திட்டம் வகுக்கப்பட்டது. 108 ஊர்தி தம் ஊர்க்கு வந்துசேரும் காலத்தையும் முன்னரே அறிந்துகொள்க.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள்! இதனை நும் இல்லத்தார்க்கு எடுத்துரைப்பீராக.