ஒற்றை அணுவின் காந்தம் அளக்க, நாகர்கோவிலிலிருந்து ஒரு வழி

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். வலுவான காந்தத்துக்கு இல்மனைட் உடனே வரும், மோனசைட் முரண்டு பிடிக்கும், சிர்க்கான் அசையவே அசையாது. அந்த மணலில் ஒரு பொடிக்குள் கோடி கோடி அணுக்கள். அவற்றில் ஒரே ஓர் அணுவின் காந்தத்தை அளப்பதும் இன்று ஒரு வேலை. இயற்பியல் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வேலைதான்.

கருவி, 1981இல் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப். அதன் ஊசிமுனை அணுவைத் தொடாமல், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளியில் மின்னோட்டம் கசியும். முனையும் காந்தமாக இருந்தால், அணுவின் காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கசிவு கூடும், குறையும். 2017இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். அல்மேடன் ஆய்வகத்தினர் ஹோல்மியம் அணுவின் காந்தத் திசையைத் திருப்பி வைத்தார்கள்; பக்கத்தில் இருந்த இரும்பு அணுவைக் கொண்டு அதை உறுதிசெய்தார்கள். ஹோல்மியமும் மோனசைட் தரும் அருமண் குடும்பம்தான்.

அளப்பது கொஞ்ச நேரம். அதற்கு ஆயத்தம் செய்வதுதான் நாள்கணக்கு. கருவி இருக்கும் கலத்தைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 10⁻¹⁰ மில்லிபாருக்குக் கொண்டுவர வேண்டும். திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். பக்கத்தில் யாராவது நடந்தால்கூட அளவீடு கெடும். எனவே இப்போதே கையைப் பழக்குங்கள். கல்லூரி ஆய்வகத்தில் குவிங்கே முறையில், காந்தப் புலத்தில் ஃபெரிக் குளோரைடு கரைசல் ஏறும் உயரத்தை அளக்கும்போது, போன வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து எழுதாதீர்கள். கரைசல் ஏறாவிட்டால் ஏன் என்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் பிற்பாடு சோறு போடும். வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன், மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டே அதன் காந்தம் திசைக்குத் திசை மாறுவதைத் துல்லியமாக அளந்தவர். அளந்ததை அலச, பைத்தான் நிரலும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு; பி.எஸ்சி. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். முனைவர் பட்டத்துக்கு நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள்.

இந்தத் துறையில் இடங்கள் குறைவு, மறைக்க மாட்டேன். ஆனால் வெற்றிடமும் கடுங்குளிரும் கைவந்தவருக்குக் கதவுகள் பல. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோ கையாளும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. சிப் தொழிற்சாலைகளுக்கும் இதே திறமைதான் தேவை.

அறிவியல் அகாதெமிகள் மூன்று சேர்ந்து மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வு ஊக்கத்தொகை தருகின்றன. அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள், மக்களே.