கப்பலைத் தனியாக எழுதாதே

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்து முடித்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் போர்க்கப்பல்களைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகம் எழுத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். உன் நடை தடையில்லாமல் ஓடுகிறது. தகவல்களைச் சேர்க்க நீ பட்டிருக்கும் பாடும் தெரிகிறது. ஆனால் மூன்று அத்தியாயங்களிலும் கப்பல்கள் அட்டவணையை விட்டு இறங்கவே இல்லை. எடை, நீளம், பீரங்கி விட்டம், கவசத்தின் கனம், வேகம். அடுத்த பக்கத்தில் அடுத்த கப்பல், அதே ஐந்து எண்கள். உன் வயதில் ராணுவ வரலாறு எழுத வருகிற பலரிடமும் இதைப் பார்க்கிறேன். அதனால்தான் உனக்கு மட்டும் தபாலில் எழுத வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கப்பலை எதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் வரலாற்றில் அதன் இடம் தெரியவரும். இன்னொரு தேதியின் பக்கத்தில் வை. அதற்குள் வேலை செய்தவனின் பக்கத்தில் வை. அதற்குப் பணம் கொடுத்தவனின் பக்கத்தில் வை. தனியாக மட்டும் எழுதாதே.

உன் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குகிறேன். சுஷிமாப் போரில் ஜப்பான் ரஷ்யாவை முறியடித்ததைப் பார்த்துத்தான் பிரிட்டன் ‘டிரெட்நாட்’ கப்பலைக் கட்டியது என்று எழுதியிருக்கிறாய். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தேதிகளை அடுக்கிப் பார். சுஷிமாப் போர் நடந்தது 1905 மே 27, 28. டிரெட்நாட்டின் அமைப்பைத் தீர்மானிக்க அட்மிரல் ஜான் ஃபிஷர் அமைத்த குழு கூடத் தொடங்கியது அதே ஆண்டு ஜனவரியில். கப்பல் முழுவதும் ஒரே அளவிலான பெரிய பீரங்கிகள் என்ற யோசனையை இத்தாலியப் பொறியாளர் விட்டோரியோ கூனிபெர்த்தி 1903-லேயே அச்சில் எழுதிவிட்டார். அமெரிக்காவின் ‘சவுத் கரோலினா’வுக்கு 1905 மார்ச்சில் அந்நாட்டு காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தது. ஜப்பானும் ‘சத்சுமா’வை அப்படித்தான் திட்டமிட்டது, 12 அங்குல பீரங்கிகள் போதிய அளவு கிடைக்காததால் 10 அங்குல பீரங்கிகளைக் கலந்து வைக்க வேண்டியதாயிற்று. ஆக, ஒரே எண்ணம் நாலு நாடுகளில் ஒரே சமயத்தில் முளைத்திருக்கிறது. சுஷிமா அதற்கு வலுச் சேர்த்தது, அவ்வளவுதான். பிரிட்டன் செய்தது முந்திக்கொண்டது.

எப்படி முந்தியது என்பதில்தான் உன் கதை இருக்கிறது. போர்ட்ஸ்மவுத் தளத்தில் 1905 அக்டோபர் 2-ல் கட்டத் தொடங்கி, 1906 பிப்ரவரி 10-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் நீரில் இறக்கிவைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கப்பல் பணியில் சேர்ந்துவிட்டது. எஃகை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தார்கள். ‘லார்டு நெல்சன்’, ‘அகமெம்னான்’ என்ற இரு கப்பல்களுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த பீரங்கிச் சாதனங்களை எடுத்து இதில் பொருத்தினார்கள். அந்த இரண்டும் 1908-ல்தான் கடலுக்குப் போயின. டிரெட்நாட்டைக் கட்டிய வேகத்தை எழுதுகிறவன் இந்த இரண்டின் தாமதத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்தக் கப்பலின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு முன்பக்கத்து மூன்றுகால் கம்பத்தைப் பார். புகைபோக்கிக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் கம்பத்தின் உச்சியில் இருந்துதான் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முந்தைய கப்பல்களில் பல அளவுப் பீரங்கிகள் ஒன்றாகச் சுடும்போது எந்தப் பீரங்கியின் குண்டு எந்த நீர்த்தம்பத்தை எழுப்பியது என்று புரியாது. தூரத்தில் குறிபார்த்துச் சுட ஒரே அளவு பீரங்கிகள் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தூரத்தைப் பார்க்க வேண்டிய மனிதனைக் கொதிக்கும் புகைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். படகுகளை ஏற்றி இறக்கும் தூக்குமரத்துக்கு அந்தக் கம்பம் அங்கே இருந்தால் வசதி என்பதுதான் காரணம். பத்து 12 அங்குல பீரங்கி, 21 நாட் வேகம், பார்சன்ஸ் டர்பைன் என்று நீ எழுதியவை எல்லாம் சரி. அவற்றோடு அந்தப் புகையில் இருமிக்கொண்டிருந்த மாலுமியையும் எழுது.

நம் வாசகருக்கு அந்தக் காலத்துப் போர்க்கப்பல் என்றால் ஜெர்மனியின் எம்டன்தான். அது பேட்டில்ஷிப் இல்லை, 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து மட்டுமே கொண்ட லேசான குரூசர் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடு. ஆனால் அது சென்னையில் பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய தேதியை விட்டுவிடாதே: 1914 செப்டம்பர் 22. அதே நாள் காலையில் வட கடலில் ஓட்டோ வெட்டிகன் தலைமையிலான ஜெர்மன் நீர்மூழ்கி யு-9, ‘அபுக்கிர்’, ‘ஹோக்’, ‘கிரெஸி’ என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை அடுத்தடுத்து மூழ்கடித்தது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உலகத்தின் பெரிய கடற்படையை ஒரு சிறிய நீர்மூழ்கி எப்படி ஆட்டிவைத்தது என்று சொல்லச் சென்னை வாசகர் ஏற்கெனவே அறிந்த ஒரு நாளே உனக்கு வாசலாக இருக்கிறது.

அந்த வெட்டிகனின் பின்னாலேயே போ. 1915 மார்ச் 18-க்கு வருவாய். அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே பென்ட்லண்ட் நீரிணைப் பக்கம் அவருடைய புதிய நீர்மூழ்கி யு-29-ஐ ஒரு போர்க்கப்பல் முட்டி மூழ்கடித்தது. முட்டியது டிரெட்நாட். கப்பல் வரலாற்றையே இரண்டாகப் பிரித்ததாக நாம் எழுதும் கப்பல் தன் வாழ்நாளில் வேறு எந்த எதிரிக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. இதற்கும் அதன் பெரிய பீரங்கி உதவவில்லை, மூக்குத்தான் உதவியது. அதே 1915 மார்ச் 18-ல் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைய முயன்ற பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பற்படை கண்ணிவெடிகளில் சிக்கியது. பத்து நாள் முன்பு ‘நுஸ்ரத்’ என்ற சின்னஞ்சிறு துருக்கிக் கப்பல் ஓசையில்லாமல் போட்டுவைத்த 26 கண்ணிகள் அவை. பிரெஞ்சு ‘பூவே’ இரண்டொரு நிமிடத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ‘இர்ரெசிஸ்டிபிள்’, ‘ஓஷன்’ இரண்டும் அன்றே போயின. அதே மார்ச் 18-ல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் 15 அங்குல பீரங்கிகள் எட்டுத் தாங்கப்போகும் ‘மலாயா’ என்ற கப்பலை நீரில் இறக்கினார்கள். அந்தக் கப்பலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரே நாளில் மூன்று கடற்கரைகளில் நடந்தவற்றைச் சேர்த்து எழுதினாலே போர்க்கப்பலின் உச்சமும் அதன் பலவீனமும் வாசகர் கண்முன் வந்துவிடும். தனியாக ஒரு விளக்க அத்தியாயம் தேவைப்படாது.

அடுத்து, உன் மூன்றாம் அத்தியாயம். பிரேசிலின் ‘மினாஸ் ஜெராய்ஸ்’ கப்பலுக்கு நீ கொடுத்திருப்பது நாலே வரி: ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் டைன் ஆற்றில் கட்டியது, 1910, பன்னிரண்டு 12 அங்குல பீரங்கிகள், தென்னமெரிக்காவில் ஆயுதப் போட்டியைக் கிளப்பியது. தம்பி, இந்தக் கப்பலுக்கு நீ நாற்பது பக்கம் எழுதலாம்.

பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல். கடற்படையில் சாட்டையடி மட்டும் ஒழியவில்லை. மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள், அடிமைகளின் பிள்ளைகள், அதிகாரிகள் வெள்ளையர். அந்த மாலுமிகளைத்தான் புதுக் கப்பலை ஏற்க நியூகாசிலுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் சுதந்திரமாக நடமாடும் தொழிலாளர்களைப் பார்த்தார்கள், சங்கங்களைப் பார்த்தார்கள். உலகத்தின் மிக நவீனமான எந்திரங்களில் ஒன்றை இயக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் அதே பழைய சாட்டை. 1910 நவம்பரில் மார்செலினோ ரோட்ரிகெஸ் மெனெசெஸ் என்ற மாலுமிக்கு, மற்றவர்கள் வரிசையாக நின்று பார்க்க, 250 சாட்டையடி கொடுத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மாலுமிகள் கப்பலைக் கைப்பற்றினார்கள். ‘சாவ் பாவ்லோ’வும் வேறு இரு கப்பல்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. பீரங்கிகள் தலைநகர் ரியோ பக்கம் திரும்பின. சாட்டையை நிறுத்து, இல்லையேல் நகரத்தைச் சுடுவோம் என்பதுதான் கோரிக்கை. அதிகாரிகள் இல்லாமலே அந்த மாலுமிகள் குவானபாரா விரிகுடாவில் கப்பல்களை லாவகமாகச் செலுத்தியதைக் கரையில் நின்றவர்கள் வியந்து பார்த்தார்கள். தலைவனாக நின்றவர் ஜோவாவ் காண்டிடோ, முன்னாள் அடிமைகளின் மகன்.

அரசு பணிந்தது. பொதுமன்னிப்பும் கொடுத்தது. பிறகு வாக்குத் தவறியது. காண்டிடோவையும் இன்னும் பதினேழு பேரையும் இல்யா தாஸ் கோப்ராஸ் தீவில் ஒரே அறையில் அடைத்தார்கள். அதில் பதினாறு பேர் செத்துப்போனார்கள். உயிரோடு மிஞ்சிய இருவரில் ஒருவரான காண்டிடோ 1912-ல் விடுதலையானார். பிறகு ரியோவில் மீன் விற்றுப் பிழைத்து 1969-ல் இறந்தார். பிரேசில் அரசு சட்டப்படி அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2008-ல். அத்தனை பெரிய பீரங்கிகளை ஒரு நாடு வாங்கியபோது, அவற்றை இயக்கத் தெரிந்த மனிதர்களையும் தன் கையாலேயே உருவாக்கிக்கொண்டது. அந்த மனிதர்கள் கேட்ட முதல் கேள்வி தங்கள் முதுகைப் பற்றியது. டிரெட்நாட் யுகத்தைப் பற்றி இதைவிட முக்கியமான சம்பவம் எனக்குத் தெரியாது. ஜட்லண்ட் கடற்போருக்கும் மேலாக இதை நான் வைப்பேன்.

ஜட்லண்டை நீ இன்னும் எழுதவில்லை என்பதால் ஒரே ஒரு எச்சரிக்கை. 1916 மே 31-ல் மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் வெடித்துச் சிதறின. மூன்றிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், முப்பது பேர்கூடத் தப்பவில்லை. கவசம் மெல்லியது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதே. வெடிமருந்துக் கிடங்குக் கதவுகளைப் பற்றி எழுது. முந்தைய ஆண்டு டாகர் பேங்க் சண்டையில் ஜெர்மனியின் ‘செய்ட்லிட்ஸ்’ கப்பலில் தீ இரண்டு பீரங்கிக் கோபுரங்களை முழுதாக எரித்தது. வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற மாலுமி சுட்டுப் பழுத்த வால்வுகளை வெறுங்கையால் திருகிக் கிடங்குக்குள் தண்ணீரை விட்டிராவிட்டால் கப்பலே போயிருக்கும். அதிலிருந்து ஜெர்மானியர் வெடிமருந்தைக் கையாளும் விதத்தில் எச்சரிக்கையானார்கள். பிரிட்டிஷ் தரப்பிலோ வேகமாகச் சுட வேண்டும் என்பதற்காகக் கதவுகளைத் திறந்துபோட்டு, கார்டைட் என்ற வெடிமருந்தின் மூட்டைகளை வெளியே குவித்து வைத்திருந்தார்கள். ‘லயன்’ கப்பலில் அலெக்சாண்டர் கிராண்ட் என்ற தலைமை வெடிமருந்துப் பொறுப்பாளர் மட்டும் மூட்டைகளை அளவோடுதான் வெளியே எடுக்க வேண்டும் என்று கறாராக இருந்தார். அந்தக் கப்பலின் நடுக் கோபுரம் அடிபட்டபோது, சாகும் தறுவாயில் இருந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி கிடங்கில் தண்ணீர் நிரப்ப உத்தரவிட்டார். லயன் தப்பியது.

அந்தக் காலத்துக் கப்பல்களில் ஜப்பானின் யோகோசுகாவில் ‘மிகாசா’வும் அமெரிக்காவில் ‘டெக்சாஸ்’ கப்பலும் இன்னும் இருக்கின்றன. முதலாவது டிரெட்நாட்டுக்கு முந்தைய தலைமுறை, மற்றது 1914-ல் பணியில் சேர்ந்தது. வாய்ப்புக் கிடைத்தால் நேரில் போய் ஏறிப் பார். பீரங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. மாலுமிகள் தூங்கிய இடத்தையும் கரி சுமந்த வழியையும் கேட்டுப் பார்.

இப்போது ‘மலாயா’. குயின் எலிசபெத் வகைக் கப்பல். கரியை விட்டு முழுக்க எண்ணெயில் ஓடிய வகை. அந்த எண்ணெய்க்காகத்தான் பிரிட்டிஷ் அரசு 1914-ல் ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ஆனால் உன் வாசகருக்கு அதைவிட நெருக்கமான செய்தி, இந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்தது யார் என்பது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மலாய்க் கூட்டு மாநிலங்களின் கஜானாவிலிருந்து, ஆட்சியாளர்களின் அன்பளிப்பு என்ற பெயரில், 1912-ல் அறிவிக்கப்பட்ட கப்பல் இது. ஏறத்தாழ 29 லட்சம் பவுன் செலவு. அந்தக் கஜானாவை நிரப்பியது வெள்ளீயம், அபின், ரப்பர். சுரங்கங்களில் சீனக் கூலிகள். ரப்பர் தோட்டங்களில் கங்காணிகள் அழைத்துப்போன நம் ஊர்க்காரர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஜட்லண்டில் மலாயா எட்டுக் குண்டுகள் வாங்கியது. அவற்றில் ஒன்று பக்கவாட்டு 6 அங்குல பீரங்கித் தளத்தில் கார்டைட்டைப் பற்றவைத்தது. கப்பலில் இறந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீயில் போனவர்கள்.

தமிழில் இந்தக் கப்பலைப் பற்றி எழுத வேண்டியவன் நீ. கூட்டு மாநிலங்களின் ஆண்டறிக்கைகளில் வருவாய்க் கணக்கைத் தேடு. அதே ஆண்டுகளுக்கான தொழிலாளர் துறை அறிக்கைகளில் தோட்டச் சாவுகளின் கணக்கைத் தேடு. இரண்டையும் மலாயாவின் கட்டுமானச் செலவோடு ஒரே பக்கத்தில் வை. மற்ற அத்தியாயங்கள் காத்திருக்கட்டும், இதை முதலில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்