பிள்ளைக்குக் கெம்பஸிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தால்

பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை கெம்பஸ் போவது லயத்துக்கே பெருமை. அந்தப் பெருமை கெட்டுவிடுமோ என்று பயந்து ஒழுக்காற்றுக் கடிதத்தை வீட்டுக்கு மறைத்து, தனியாகவே பதில் எழுதும் பிள்ளைகள் உண்டு. தனியாக எழுதிய அந்தப் பதிலே பிறகு அவர்களுக்கு எதிராக நிற்கும்.

1. கடிதம் கையில் கிடைத்த திகதியை உறையிலேயே எழுதி, உறையைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டத் தபால் ஒபிசுக்கு வந்து கைமாறி லயத்துக்கு வருவதற்குள் பதில் தவணை முடிந்துவிடலாம். முடிந்திருந்தால் தாமதத்தைச் சொல்லி, அவகாசம் கேட்டு, அன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

2. பதில் எழுதுமுன் துணைக்கு ஆள் தேடுங்கள். பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களே மாணவர் ஆலோசகர்களாக இருக்கிறார்கள். பெலிஹுல்ஓயாவில் படிக்கும் பிள்ளை முதலில் தட்ட வேண்டியதும் அவர்கள் கதவைத்தான். ஆனால் “சேர், இந்த விசாரணைக் குழுவில் நீங்களும் இருக்கிறீர்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால், பிள்ளையை நன்கு அறிந்த வேறொரு விரிவுரையாளரிடம் போங்கள். தப்பு நடந்திருந்தால் அதையும் அவரிடம் ஒளிக்க வேண்டாம். பாதிக் கதை கேட்டவரால் முழு உதவி செய்ய முடியாது.

3. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் முதல் தமிழும் அரச கரும மொழி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள்.

4. என்ன குற்றம், எந்த நாள், எந்த இடம் என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுக்காற்று விதிகளின் பிரதியும் கேளுங்கள். விசாரணைக்குத் துணையாக யாரை அழைத்துப் போகலாம், மேன்முறையீடு யாருக்கு என்பதையெல்லாம் அதில்தான் பார்க்க வேண்டும்.

5. தொலைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள்.

6. குற்றச்சாட்டு பகிடிவதை என்றால் விஷயம் கெம்பஸோடு நிற்காது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. வாக்குமூலம் கொடுக்குமுன் சட்டத்தரணியைப் பாருங்கள். காசில்லாதவர்கள் இரத்தினபுரி, கேகாலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகங்களுக்குப் போகலாம்.

7. வகுப்புத் தடை போட்டால் விடுதி, மகாபொல, பரீட்சை மூன்றும் என்னவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. தீர்ப்பு அநியாயமென்று பட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

9. அம்மா அப்பாமார், ஒரு நாள் பேர் போனாலும் விசாரணையன்று கூடப் போங்கள். அறைக்குள் விடாவிட்டாலும் வாசலில் இருங்கள். ஏச்செல்லாம் விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு.