அலகும் ஒரு டூல்தான்!



ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் நமக்குச் சொல்லித் தந்த பாடம் ஞாபகம் இருக்கிறதா? "வேலைக்கு ஏத்த டூலை எடு." அதே பாடத்தை மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேடந்தாங்கலில் மறுபடியும் படித்தேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். விடியற்காலை கரைமேல் நின்றால், தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரம் ஒவ்வொன்றும் ஒரு ஹாஸ்டல் மாதிரி! ஒரே மரத்தில் பல ஜாதிப் பறவைகள். சாப்பாட்டுக்குச் சண்டை வராதா? அலகைப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

நத்தைகுத்தி நாரை: அலகின் நடுவே இடைவெளி. தேய்ந்துபோன பிளேயரோ என்று நினைத்தேன். கீழலகின் நுனியை நத்தைக்குள் விட்டுச் சதையை உருவி எடுக்கிறது. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும்.

சங்குவளை நாரை: பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் வைத்து நடக்கும். மீன் பட்டதும் டக்கென்று மூடும். நம்ம லிமிட் ஸ்விட்சேதான்!

கரண்டிவாயன்: தட்டையான அலகை இடமும் வலமும் வீசித் துழாவும்.

பாம்புத்தாரா: ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தும்.

கூழைக்கடா: தாடைப்பையால் வலைபோல் அள்ளும்.

இப்படி டூல் வேறு, வேலை வேறு. அதனால்தான் ஒரே மரத்தில் குடித்தனம் நடக்கிறது.

அன்று ஒரு தவறும் நடந்தது. போட்டோவுக்காக எங்கள் செட்டில் ஒருத்தன் பலமாகக் கை தட்டினான். தாய்ப் பறவைகள் எழும்பின. வெயிலில் குஞ்சுகள் தனியாகக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துக் காகம் வந்தது. "தம்பி, உங்களுக்கு ஒரு நிமிஷம். அதுங்களுக்கு ஒரு வருஷத்துப் பாடு" என்றார் கரையில் நின்ற ஊர்ப் பெரியவர். எங்களுக்கு வாயே எழவில்லை.

அவர் சொல்ல உரிமை உண்டு. பறவைகளைச் சுடக்கூடாது என்று போராடி, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. 2022-ல் இது ராம்சார் தலமாகவும் ஆனது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏரி கூடு கட்டும் இடம். இரைக்குப் பெரும்பாலும் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான் பறக்கின்றன. எவ்வளவு நல்ல டூல் இருந்தாலும் மெட்டீரியல் இல்லாவிட்டால் ஜாப் ஏது? 1998-ல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்ததும் இதனால்தான்.

போகிறவர்களுக்கு: காலை அல்லது மாலை போங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பேச்சைக் குறையுங்கள். முதலில் அலகைப் பாருங்கள், பிறகு பெயரைத் தேடுங்கள்.

கையை மட்டும் தட்டிவிடாதீர்கள்!