எல்சாவும் வேலுநாச்சியாரும் வரும் பிறந்தநாள்

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது. ‘ஃப்ரோசன்’ எல்சா மாதிரி இளவரசிப் பிறந்தநாள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அலங்காரம் செய்பவர்கள் கேட்கும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மொட்டை மாடியில் நாங்களே நடத்தலாமா? எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாக நீங்களே நடத்தலாம். மொட்டை மாடி மட்டும் வேண்டாம். நீளக் கவுனோடு ஓடும் பிள்ளைகளையும் கைப்பிடிச் சுவரையும் சேர்த்துக் கவனிக்க ஆள் போதாது. ஹாலில் ஒரு சுவரை மறைத்து உங்கள் நீலச் சேலைகளைத் தொங்கவிட்டு, சீரியல் லைட் போட்டால் பனிக்கோட்டை தயார்.

எனக்குப் பெரிய கவலை நெருப்புதான். இளவரசி கவுன்கள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர் வலைத்துணி. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பனி கொட்டுவது போல அடிக்கும் ஸ்நோ ஸ்பிரே டப்பாக்கள் பலவற்றில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. மெழுகுவத்தி எரியும்போது யாராவது ஆர்வக்கோளாறில் அதை அடித்தால், குழந்தையின் முகத்துக்கு நேரே தீ பாயும். ஆகவே ஸ்பிரே வீட்டுக்குள் வரவே கூடாது. வாங்கிவர நினைக்கும் மாமா, சித்தப்பாக்களிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கேக்கில் பொறி கக்கும் வத்தியும் வேண்டாம். சேலைத் திரையிலிருந்து தள்ளி மேசையைப் போட்டு, ஐந்து சிறு மெழுகுவத்திகள் ஏற்றினால் போதும். மேலே பறக்கும் பலூன்களில் ஹைட்ரஜன் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அது எரியும் வாயு. வாயால் ஊதிய பலூனே நல்லது. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், கைக்குழந்தை வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

கவுன் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். உள்ளே பருத்தி ஷிம்மி போட்டால் அரிக்காது.

எட்டுப் பத்துப் பிள்ளைகள், மாலை நாலரை முதல் ஆறரை வரை; இந்த வயதுக்கு அதற்கு மேல் தாங்காது. சார்ட் பேப்பரை முன்கூட்டியே கிரீடமாக வெட்டி வையுங்கள். வந்தவுடன் ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்துவிட்டால், தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருப்பது தெரியாது. பையன்களுக்கும் கிரீடம் உண்டு.

பிறகு பாட்டி ஒரு கதை சொல்லட்டும். ராமநாதபுரம் அரச குடும்பத்தில் 1730-இல் பிறந்த வேலுநாச்சியார், சிலம்பமும் குதிரையேற்றமும் கற்ற இளவரசி. கணவரையும் சிவகங்கையையும் பறிகொடுத்த பிறகு படை திரட்டி வந்து, 1780-இல் சீமையை மீட்டவர். குதிரையும் கோட்டையும் வரும் கதையைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். முடிந்ததும் சுருட்டிய செய்தித்தாளைக் கையில் கொடுத்து, தள்ளித் தள்ளி நிறுத்திச் சிலம்பம் சுற்றவிடுங்கள். எல்சா உடையிலேயே உங்கள் மகளும் சுற்றட்டும், இரண்டு இளவரசிகளுக்கும் அவளிடம் இடம் இருக்கும்.

ஒரு கிலோ கேக், மினி இட்லி, பழத்துண்டுகள் போதும். வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று அழைக்கும்போதே அம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.